ஒரு ஐபேட், நாலு மிடி கன்ட்ரோலர்: மேடையில அடிபட்டு கத்துக்கிட்டது

ரிசப்ஷன் கச்சேரி, மூணாவது பாட்டு. கீழ 61 கீ கீபோர்டு, அதுக்கு மேல ஸ்டாண்டோட ரெண்டாவது தட்டுல 25 கீ சின்ன கன்ட்ரோலர் (எதை அமுக்கினோம்ங்கற தகவலை மட்டும் அனுப்பற கருவி), ரெண்டும் யூஎஸ்பி ஹப் வழியா ஐபேடுக்கு போகுது, சத்தம் வர்றது ஐபேட் ஆப்லேருந்து. கீழ ஸ்ட்ரிங்ஸ் கார்டை அமுக்கி பெடல்ல பிடிச்சுட்டு, ரெண்டு கையையும் மேல கொண்டு போய் நாதஸ்வர டோன்ல ஒரு பிட் வாசிக்கணும். நாதஸ்வரத்தை கமகம் இல்லாம வாசிச்சா அது நாதஸ்வரமே இல்ல, அதனால வலது கை கீல, இடது கை பிட்ச் பெண்ட் வீல்ல. முதல் சுரத்தை வளைச்சேன் பாருங்க, பின்னாடி நின்னுட்டிருந்த மொத்த ஸ்ட்ரிங்ஸும் அதோட சேர்ந்து வளைஞ்சு ஒரு சுரம் மேல போயி திரும்பி வந்துச்சு. அது போதாதுன்னு பெடல் அமுங்கியே இருந்ததால நாதஸ்வரத்தோட ஒவ்வொரு நோட்டும் நிக்காம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நாலஞ்சு சுரம் சேர்ந்து கத்துது. பாடிட்டு இருந்த அக்கா மைக்கை இறக்கிட்டு திரும்பி பார்த்தாங்க. பக்கத்துல எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கிற அண்ணன் "தம்பி, பெடலை எடு, பெடலை எடு"ன்னு சத்தம் போட்டாரு. பெடலை எடுத்தா ஸ்ட்ரிங்ஸ் போயிடும், எடுக்கலன்னா இந்த கூச்சல். எடுத்தேன். பாட்டோட அந்த இடம் வெறும் பேஸும் தாளமும் மட்டும் ஓடுச்சு.

வீட்ல தனியா உக்காந்து வாசிக்கும்போது இது ஒரு தடவை கூட வரல, ஏன்னா வீட்ல ரெண்டு கீபோர்டையும் ஒரே நேரத்துல, பெடலோட, பெண்டோட நான் வாசிச்சு பார்க்கவே இல்ல, தனித்தனியா தான் டெஸ்ட் பண்ணேன். ஒரு கன்ட்ரோலரை விட ரெண்டு, மூணுன்னு ஐபேட்ல மாட்டி வாசிக்கணும்னு நினைக்கிற யாருக்கா இருந்தாலும் நான் முதல்ல சொல்றது இதைத்தான், எல்லாத்தையும் மாட்டி எல்லாத்தையும் ஒரே நேரத்துல அமுக்கி பாருங்க.

என்ன நடந்துச்சுன்னு அடுத்த நாள் உக்காந்து யோசிச்சா காரணம் ரொம்ப சின்னது. மிடின்னா கருவிங்க ஒண்ணுக்கொண்ணு வாசிப்பு தகவலை அனுப்பிக்கற முறை, அதுல 16 சேனல் இருக்கு. கடையிலேருந்து வர்ற கன்ட்ரோலர் பெரும்பாலும் சேனல் 1ல தான் வரும், என்னோட ரெண்டும் அப்படித்தான் இருந்துச்சு. நான் சாம்ப்ளர் ஆப்ல (பதிவு பண்ண கருவி சத்தத்தை வாசிக்கற ஆப்) கீ ஸ்ப்ளிட் போட்டு கீழ் ஆக்டேவ்கள்ல ஸ்ட்ரிங்ஸ், மேல் ஆக்டேவ்ல நாதஸ்வரம்னு பிரிச்சு, மேல இருக்கற கன்ட்ரோலரை ஆக்டேவ் ஏத்தி வச்சுட்டேன். பார்க்க ரெண்டும் தனி மாதிரி தெரியும். ஆனா தனியா போறது நோட்டு மட்டும்தான். பிட்ச் பெண்ட், சஸ்டெயின் பெடல், மாடுலேஷன், வால்யூம், டோன் மாத்துற ப்ரோக்ராம் சேஞ்ச் இதெல்லாம் ஒரு நோட்டுக்குன்னு போகாது, அந்த சேனல் முழுசுக்கும் போகும். சேனல் 1ல பெண்ட் வந்தா சேனல் 1ல யார் யார் இருக்காங்களோ எல்லாரும் வளைவாங்க. ஐபேட் மேல தப்பே இல்ல, நான் ரெண்டு பேரை ஒரே வீட்ல குடி வச்சுட்டு தனித்தனி வீடுன்னு நினைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் நான் வச்ச முறை இப்ப வரைக்கும் மாறல. கீழ் கீபோர்டு சேனல் 1, மேல் கீபோர்டு சேனல் 2, பேட் சேனல் 10, ஃபேடர் பெட்டி (வால்யூமை ஏத்தி இறக்கற கட்டைங்க இருக்கற பெட்டி) சேனல் 16. ஒவ்வொரு கருவிக்கு பின்னாடியும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல நம்பர் எழுதியிருக்கேன். பேடுக்கு 10ன்னு வச்சது, ஜெனரல் மிடிங்கற பொது முறைல டிரம்ஸுக்கு 10வது சேனல்னு ரொம்ப காலமா பழக்கம் இருக்கறதால, சவுண்ட்ஃபான்ட் (டோன்களோட சாம்பிள் ஃபைல்) போடற ஆப் பலதுல சேனல் 10ஐ திறந்தாலே டிரம் கிட் வந்து நிக்கும். bs-16i மாதிரி சேனலுக்கு ஒண்ணா 16 பார்ட் இருக்கற சாம்ப்ளர் ஆப்னா அந்த ஒரே ஆப்லயே எல்லா வேலையும் முடியும், பார்ட் 1ல ஸ்ட்ரிங்ஸ், பார்ட் 2ல நாதஸ்வரம் இல்லன்னா புல்லாங்குழல், பார்ட் 10ல தாளம்.

இந்த சேனலை ஆப்ல மாத்தாம கருவியிலயே மாத்துங்கன்னு ஏன் சொல்றேன்னா, ஏயூஎம் மாதிரி ஹோஸ்ட் ஆப்ல (மத்த இசை ஆப்களை உள்ள திறந்து இணைக்கற ஆப்) மிடி மேட்ரிக்ஸ் இருக்கு, எந்த கன்ட்ரோலர் எந்த சின்த்துக்கு, அதாவது சத்தம் தர்ற எந்த ஆப்புக்கு போகணும்னு புள்ளி வச்சு இணைக்கலாம், அது நல்லாவே வேலை செய்யும், நானும் அதைத்தான் யூஸ் பண்றேன். ஆனா அந்த புள்ளி கருவியோட பேரை வச்சு நிக்குது. ஒரே மாடல் ரெண்டு வாங்கி மாட்டினா ரெண்டுக்கும் பட்டியல்ல ஒரே பேரு, எது எதுன்னு கண்டுபிடிக்கவே பாதி நேரம் போகும். சேனல் நம்பர் கருவிக்குள்ளயே இருந்தா அதை எந்த ஐபேட்ல, எந்த ஆப்ல, ஹப்போட எந்த ஓட்டையில மாட்டினாலும் அது தன் நம்பரோட தான் வரும். சில சின்ன கன்ட்ரோலர்ல ஷிஃப்ட் மாதிரி ஒரு பட்டனை அமுக்கிட்டு ஒரு கீயை அமுக்கினா சேனல் மாறும், சிலதுக்கு கம்ப்யூட்டர்ல எடிட்டர் சாஃப்ட்வேர் போட்டுத்தான் மாத்தணும், அதை வீட்லயே ஒரு தடவை உக்காந்து செஞ்சிடுங்க, மண்டபத்துல போய் செய்ய முடியாது. கேரேஜ்பேண்ட் மட்டும் இதுக்கு ஒத்து வராது, எத்தனை கீபோர்டு மாட்டினாலும் எல்லாம் சேர்ந்து செலக்ட் பண்ணியிருக்கற அந்த ஒரு டிராக்குக்கு தான் போகும். பழகறதுக்கு நல்ல ஆப், ரெண்டு கீபோர்டு ரெண்டு டோன்னா வேற ஆப் தான்.

ஃபேடர் பெட்டியை ஏன் 16க்கு தள்ளினேன்னா அது தனி கதை. எட்டு ஃபேடர், எட்டு நாப், கீழ வரிசையா பட்டன் இருக்கற ஒரு சின்ன பெட்டி, ஒவ்வொரு டோனோட வால்யூமுக்கும் ஒரு ஃபேடர்னு ரொம்ப ஆசையா வாங்கினேன். பட்டனை எல்லாம் மியூட்டுக்கு வச்சுக்கலாம்னு ஒரு தடவை அமுக்கினா ஆன், இன்னொரு தடவை அமுக்கினா ஆஃப்னு டாகில்ல போட்டேன். ஒரு கோயில் கச்சேரில சவுண்ட் செக் அப்ப ஸ்ட்ரிங்ஸ் கையை எடுத்தும் நிக்காம தொங்குது. பெடலை மிதிச்சு விட்டா நிக்குது, கொஞ்ச நேரத்துல திரும்பவும் தொங்குது. பெடல் தான் போச்சுன்னு நினைச்சு, பெடலை கழட்டி வேற பெடல் மாட்டி, அதுலயும் தொங்க, பெடலே இல்லாம வாசிச்சா அப்பவும் தொங்குது. அப்பத்தான் வர்ற மிடி தகவலை திரையில காட்டற மிடி மானிட்டர் ஆப் ஒண்ணை திறந்து வச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கி பார்த்தேன். ஃபேடர் பெட்டில ஒரு வரிசை பட்டன் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், பெடல், நாப் மாதிரி கட்டுப்பாடுகளுக்கான மிடி நம்பர்) 64லேருந்து 71 வரைக்கும் அனுப்புது, சேனல் 1ல. சிசி 64ன்னா அதுதான் சஸ்டெயின் பெடல். நான் மியூட்டுன்னு நினைச்சு அமுக்கின முதல் பட்டன், ஐபேடோட கணக்குப்படி யாரோ பெடலை மிதிச்சுட்டு காலை எடுக்காம நிக்கிறாங்க. அதே பெட்டில ஃபேடர் எட்டும் சிசி 0லேருந்து 7, அதாவது ரெண்டாவது ஃபேடரை ஏத்தினா மாடுலேஷன், எட்டாவதை இறக்கினா சேனல் வால்யூமே இறங்கும்.

இது அந்த பெட்டியோட தப்பு இல்ல, அதை யாரும் கீபோர்டு சின்த்துக்கு நேரா அனுப்ப சொல்லல, மிக்ஸிங் ஆப்போட ஃபேடரை நகர்த்த தான் செஞ்சிருக்காங்க. சேனல் 16க்கு மாத்தி, மேட்ரிக்ஸ்ல எந்த சின்த்துக்கும் இணைக்காம ஏயூஎம்மோட வால்யூம் கன்ட்ரோலுக்கு மட்டும் கொடுத்ததும் அந்த பிரச்சினை அதோட முடிஞ்சுது. உங்க கையில எந்த கன்ட்ரோலர் வந்தாலும் முதல் வேலையா ஒரு மிடி மானிட்டர் ஆப்பை திறந்து, அதுல இருக்கற ஒவ்வொரு கட்டையையும் பட்டனையும் நாபையும் தொட்டு என்ன நம்பர் வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. சிசி 1, 7, 10, 11, 64 இந்த அஞ்சு நம்பர் எங்க வந்தாலும் சுத்தி வட்டம் போடுங்க, மாடுலேஷன், வால்யூம், பேன், எக்ஸ்ப்ரெஷன், பெடல், இந்த அஞ்சும் சின்த் ஆப் பலதும் கேக்காமலே கீழ்ப்படியற நம்பர்.

நோட்டு தொங்கறதுக்கு வேற காரணமும் இருக்கு. ஒரு கீயை அமுக்கி வச்சிருக்கும்போதே ஆக்டேவ் பட்டனையோ சேனலையோ மாத்தினா, சில கன்ட்ரோலர்ல கையை எடுக்கும்போது போற நோட் ஆஃப் (நோட்டை நிறுத்துங்கற தகவல்) வேற நம்பருக்கு போயிடும், பழைய நோட்டு அநாதையா நிக்கும். பதறாம பழைய ஆக்டேவுக்கே திரும்பி அதே கீயை ஒரு தடவை அமுக்கி விட்டா போதும்.

இன்னொண்ணு, சத்தம் திடீர்னு ஜாஸ்தியாகி, அதே நேரம் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒல்லியா கேட்டா, ஒரு நோட்டு ரெண்டு தடவை போகுதுன்னு அர்த்தம். ஹோஸ்ட் ஆப் வழியா ஒரு தடவை, பின்னாடி தனியா திறந்து கிடக்கற சின்த் ஆப் கன்ட்ரோலரை நேரா கேட்டு இன்னொரு தடவை. பின்னாடி ஓடுற ஆப்பை மூடுங்க, இல்ல அதோட மிடி இன்புட்டை ஆஃப் பண்ணுங்க.

கரண்ட் விஷயத்துக்கு வரேன், ஏன்னா நாலு கன்ட்ரோலர் மாட்டறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல மாட்டிக்கறது இங்கதான். என்னோடது லைட்னிங் போர்ட் ஐபேட். அதுக்கு யூஎஸ்பி 3 கேமரா அடாப்டர், அதுல யூஎஸ்பி ஓட்டை ஒண்ணு, சார்ஜர் மாட்ட லைட்னிங் ஓட்டை ஒண்ணு. சார்ஜர் இல்லாம, கரண்ட் இல்லாத சாதா ஹப்ல மூணு கருவி மாட்டினா இந்த கருவிக்கு ரொம்ப பவர் தேவைன்னு ஐபேட் ஒரு அறிவிப்பு போட்டுட்டு எதையுமே எடுத்துக்காது. தனி அடாப்டர் இருக்கற பவர்டு ஹப் வாங்கினா தான் ஆகும், இதுல காசு பார்க்க வேணாம். பவர்டு ஹப் வாங்கியும் எனக்கு ஒரு தடவை நடந்துச்சு. மெயின் கரண்ட் போயி ஜெனரேட்டர் எடுக்கற அந்த நாலஞ்சு செகண்ட், ஐபேட் பேட்டரில உயிரோட தான் இருக்கு, ஆனா ஹப் செத்து திரும்ப எழுந்திருக்கு, அதோட சேர்ந்து நாலு கன்ட்ரோலரும் போயி ஒண்ணொண்ணா வருது, அதுல 25 கீ மட்டும் வரவே இல்ல, கழட்டி மாட்டினப்புறம் தான் வந்துச்சு. பவர் பேங்க்லேருந்து ஹப்புக்கு கொடுத்து பார்த்தேன். முதல்ல வாங்கின பவர் பேங்க், ஹப் இழுக்கற கரண்ட் ரொம்ப கம்மியா இருந்ததால ஏதும் மாட்டலன்னு நினைச்சு தானா தூங்கிடுச்சு. கம்மி கரண்டுக்கும் தூங்காத மோட் இருக்கற பவர் பேங்க் தேடி வாங்கினேன், இப்ப ஜெனரேட்டர் மாறினாலும் என் பக்கம் ஒண்ணும் ஆகறதில்ல. வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே ஹப்பை மாட்டி ஒரு பத்து நிமிஷம் வச்சு பாருங்க.

சார்ஜர் மாட்டினா இன்னொரு தொல்லை, ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல். ஐபேடோட சார்ஜர், ஹப்போட அடாப்டர், கீபோர்டோட அடாப்டர், மிக்ஸர் எல்லாம் யூஎஸ்பி வயரோட கிரவுண்ட் வழியா ஒரு வளையமா சேர்ந்துடுது. சவுண்டுக்கார தம்பி ஒருத்தர் தான் டிஐ பாக்ஸ் போட்டு இதை தீர்த்து வச்சாரு, ஐபேடுக்கும் மிக்ஸருக்கும் நடுவுல போடற, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கற பெட்டி, கிரவுண்ட் இணைப்பை துண்டிக்கற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அமுக்கினதும் இரைச்சல் அப்படியே நின்னுச்சு.

இங்க தான் பழைய 5 பின் மிடி கேபிளை நான் மதிக்க ஆரம்பிச்சேன். 1983ல வந்த முறை, செகண்டுக்கு 31,250 பிட் தான் போகும், ஒரு நோட்டு போய் சேர கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட், யூஎஸ்பி முன்னாடி இது ஆமை. ஆனா அந்த முறைல வாங்கற பக்கம் ஆப்டோ ஐசொலேட்டர்னு ஒண்ணு வைக்கணும்னு விதியிலேயே இருக்கு, அதாவது சிக்னல் ஒரு சின்ன விளக்கோட வெளிச்சமா மாறி தாண்டி போகுது, கரண்ட் நேரா ஒட்டறதே இல்ல. அதனால அந்த வழியா கிரவுண்ட் இரைச்சல் வராது. தூரமும் போகும், 15 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், யூஎஸ்பின்னா 5 மீட்டர். பேட் அண்ணன் மேடையோட அந்த மூலையில உக்காருவாரு, அவர் பேட்லேருந்து எனக்கு 5 பின் கேபிள் தான் வருது, என் பக்கத்துல ஒரு சின்ன மிடி இன்டர்ஃபேஸ், அது ஹப்புக்கு. அவர் வாசிக்கிற சில அடி அவர் பேட்லயே கேட்கும், சில அடிக்கு என் ஐபேட்ல இருக்கற சாம்பிள் கேட்கும்.

5 பின்னுக்கு நான் மாறினதுக்கு ரெண்டாவது காரணம் தான் உண்மையில பெருசு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு 61 கீ வாங்கினேன், டச் அருமையா இருந்துச்சு. யூஎஸ்பில மாட்டின உடனே ஐபேடோட ஹெட்ஃபோன் ஓட்டையிலேருந்து மிக்ஸருக்கு போற சத்தம் மொத்தமா நின்னுடுச்சு. கேபிளை ஆட்டி பார்த்தேன், மிக்ஸர் சேனலை மாத்தி பார்த்தோம், "அண்ணே, உங்க லைன்ல சிக்னலே வரலையே"ன்னு சவுண்டுக்கார தம்பி திரும்ப திரும்ப சொல்றான். கடைசில பார்த்தா ஸ்ட்ரிங்ஸ் அந்த கீபோர்டோட சொந்த ஸ்பீக்கர்லேருந்து மெல்லமா வருது. அந்த கீபோர்டுக்கு யூஎஸ்பில மிடி மட்டும் இல்ல, ஆடியோவும் உண்டு. ஐபேட் ஒரு நேரத்துல ஒரு ஆடியோ கருவியைத்தான் வெளிய அனுப்ப எடுத்துக்கும், பொதுவா கடைசியா மாட்டினதை எடுத்துக்கும், அதனால சத்தத்தை அங்க கொண்டு போயிடுச்சு. ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கற ஹப், டைப் சி அடாப்டர் இதுங்களும் இதே வேலையை பண்ணும். வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பெக்ல யூஎஸ்பி ஆடியோன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அந்த கீபோர்டை நான் விக்கல, 5 பின் அவுட்லேருந்து எடுத்துக்கிட்டேன், அதுல மிடி மட்டும் தான் போகும், சத்தம் அது இடத்துலயே இருக்கு. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஐபேட் சத்தத்தை மிக்ஸருக்கு எடுக்கற தனி பெட்டி) வச்சிருக்கறவங்க அதை கடைசியா மாட்டுங்க.

மாட்டினதும் ஐபேட் கண்டுக்கவே இல்லன்னா கருவி கிளாஸ் கம்ப்ளையன்டா, அதாவது தனி டிரைவர் சாஃப்ட்வேர் இல்லாமலே ஓடறதான்னு பாருங்க, டிரைவர் கேக்கற கருவி ஐபேட்ல ஓடாது. ரோலண்ட் கருவிங்க சிலதுல யூஎஸ்பி டிரைவர்னு ஒரு செட்டிங் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதை ஜெனரிக் ஆக்கி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஐபேட்ல வந்துடும். நிறைய பேர் இது தெரியாம ஒத்து வராதுன்னு ஒதுக்கி வச்சிடறாங்க.

ப்ளூடூத் மிடியை பத்தி கேக்கறவங்களுக்கு, ஃபேடருக்கும் நாபுக்கும் தாராளமா வைங்க, பேடுக்கு வேணாம். வேகமா உருட்டும்போது அடி ஒரே சீரா விழாது, காது உடனே கண்டுபிடிச்சிடும். ப்ளூடூத் இயர்ஃபோன்ல மானிட்டர் பண்றது முடியவே முடியாது. ஆப்ல பஃபர் (சத்தத்தை எத்தனை சாம்பிளா சேர்த்து அனுப்பணும்ங்கற செட்டிங்) 256 வச்சிருக்கேன், செகண்டுக்கு 48,000 சாம்பிள்னா அது சுமார் 5 மில்லிசெகண்ட், ஆப் நிறைய ஓடி டிக் டிக்னு சத்தம் உடைஞ்சா 512.

சொந்த டோன் இருக்கற கீபோர்டை கன்ட்ரோலரா மாட்டறவங்க கவனிக்க வேண்டியது ப்ரோக்ராம் சேஞ்ச். கீழ் கீபோர்டுல அதோட சொந்த பியானோ டோனை செலக்ட் பண்ணேன், அதே பட்டன் ஐபேடுக்கும் ப்ரோக்ராம் சேஞ்ச் அனுப்பி ஸ்ட்ரிங்ஸ் இருந்த இடத்துல வேற டோன் வந்து உக்காந்துடுச்சு, ரெண்டு வரி பாட்டு தப்பான டோன்ல போச்சு. கீபோர்டு செட்டிங்ல ப்ரோக்ராம் சேஞ்ச் டிரான்ஸ்மிட்னு இருக்கும், ஆஃப்.

போன மார்கழில ஒரு ப்ரோக்ராம். மண்டபத்துல சாமான் இறக்கும்போது ஸ்டாண்டோட ஐபேட் கீழ விழுந்து டச் வேலை செய்யல. கச்சேரிக்கு இன்னும் 1 மணி நேரம் கூட இல்ல. வீட்ல பையன் வச்சிருக்கற பழைய ஐபேட், அதே அக்கவுண்ட், ஆப் எல்லாம் அதுலயும் இருந்துச்சு, மச்சானை வண்டில எடுத்துட்டு வர சொன்னேன். ஆனா நான் வருஷக்கணக்கா சேத்து வச்ச செஷன் எதுவும் அதுல இல்ல. சவுண்ட்ஃபான்ட் மட்டும் ஒரு பென் டிரைவ்ல எப்பவும் கீபோர்டு பைக்குள்ள கிடக்கும், கேமரா அடாப்டரை மாட்டி, பென் டிரைவை அதே ஹப்ல குத்தி ஃபைல்ஸ் ஆப் வழியா உள்ள எடுத்தேன். நாலு கன்ட்ரோலரும் வந்துச்சு. ஏயூஎம் திறந்து சாம்ப்ளரை போட்டு, பார்ட் 1ல ஸ்ட்ரிங்ஸ், 2ல நாதஸ்வரம், 10ல பேட் அண்ணனோட சாம்பிள், மேட்ரிக்ஸ்ல மூணு புள்ளி, அப்புறம் 16ல ரெண்டே ரெண்டு ஃபேடர். கீழ கார்டை பெடல்ல பிடிச்சுட்டு மேல ஒரு நோட்டை வளைச்சேன், ஸ்ட்ரிங்ஸ் அசையாம நின்னுச்சு. பேட் அண்ணன் மூலையிலேருந்து "தம்பி, எனக்கும் வருது"ன்னு கையை தூக்கினாரு. மணி பார்த்தேன், பதினெட்டு நிமிஷம் ஆயிருந்துச்சு.